பெரியம்மாவின் நீலப் பரல்கள்

எங்கள் குடும்பத்தில் மதுவைக் கையாலும் தொடாத ஆள் என்றால் அது பெரியம்மாதான். வீட்டிலேயே பியர் தயாரித்தவரும் அவர்தான். இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாகச் சொன்னால் இன்றைக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் நானும் பல வருடங்கள் சேர்ந்து சிரித்திருக்கிறேன். எனக்குப் பத்து வயதில் நடந்த ஒரு விஷயம் நினைவுக்கு வரும்போது மட்டும் அந்தச் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொள்வேன்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. அவரும் பெரியப்பாவும் லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், நெருக்கமாக ஒட்டி நிற்கும் வீடுகளின் வரிசையொன்றில் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அப்பா பஸ் ஓட்டினார். இரண்டு பேருக்கும் வார இறுதியில்தான் ஷிப்ட் விழும் என்பதால் வெள்ளி பின்னேரம் என்னையும் என் பையையும் பெரியம்மா வீட்டில் இறக்கிவிட்டு, ஞாயிறு இரவு வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த வீட்டில் எனக்கென்று ஒரு பல்தூரிகை இருந்தது, ஒரு தலையணை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரியப்பா இருந்தார்.

பெரியப்பாவுடன் கரம் விளையாடுவதுதான் என் வார இறுதி. அவர் முன்பு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை செய்தவர். அங்கே கத்தியோடு வந்த இரண்டு பேர் அவரைத் தரையில் படுக்கவைத்துவிட்டுப் போன நாளுக்குப் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், காலையில் அவரோடு விளையாடினால் நான் வெல்வேன், மத்தியானத்துக்குப் பிறகு விளையாடினால் அவர் வெல்வார் என்பதுதான். காலையில் அவர் விரல்கள் நடுங்கும். அடிக்க வேண்டிய காய் ஒரு பக்கம் இருக்க, கையிலிருந்த காய் வேறு பக்கம் ஓடும். மத்தியானம் ஒரு பெரிய கிளாஸ் குடித்தபிறகு அதே விரல்கள் கல்லைப் போல நிற்கும். என் மீது இரக்கப்பட்டுத்தான் காலையில் விட்டுக்கொடுக்கிறார் என்று நான் நம்பினேன்.

அந்த வருடம் பனிக்காலத்தில் அவரை ஒருமுறை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏன் என்று கேட்டபோது அம்மா "பிறஷர்" என்றார். எங்கள் வீட்டில் சிறுபிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாத எல்லா நோய்க்கும் பெயர் பிறஷர்தான். அவர் திரும்பி வந்த சில வாரங்களில் பெரியம்மா வீட்டுப் பின்பக்கத்து ஷெட்டில் பீப்பாய் போல இரண்டு நீலப் பரல்கள் முளைத்தன.

பெரியம்மா ஒரு கஃபேயின் சமையலறையில் காலை வேலை பார்த்தார். அங்கே உப்புநீரில் ஊறிய ஒலிவ் காய்கள் பெரிய பிளாஸ்டிக் பரல்களில் வந்து இறங்கும். காய் முடிந்தால் பரலைக் குப்பைக்குப் போடுவார்கள். என் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும், கறுப்பு மூடி, மூடியைச் சுற்றி இறுக்கிப் பூட்டும் இரும்பு வளையம். அப்படி இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அவற்றின் அடியில் துளை போட்டுக் குழாய் பொருத்திக் கொடுத்தவர் என் அப்பா. மிளகாய்க் கன்றுகளுக்கு மழைத்தண்ணீர் பிடிக்க என்றுதான் அவரிடம் சொல்லப்பட்டது. அப்பா கேள்வி கேட்காத மனிதர்.

முதல் மூன்று வாரங்கள் பரல்களிலிருந்து ஒலிவ் மணத்தை விரட்டுவதில் போயின. கொதிநீர், அப்பச்சோடா, எலுமிச்சை, பிறகு மூடியைத் திறந்து தோட்டத்தில் வெயிலுக்கு வைத்தல். லண்டன் வெயில் அதற்கு என்ன செய்துவிடும்? மணம் பாதிதான் போனது. மிச்சப் பாதியோடு பெரியம்மா வேலையைத் தொடங்கிவிட்டார்.

அதற்கான டின்கள் கடையில் விற்றன. உள்ளே கித்துள் பாணி போன்ற ஒரு கரிய பாகு. அதைச் சுடுநீரில் கரைத்து, சீனி போட்டு, பரலில் ஊற்றிக் குளிர்நீர் நிரப்பி, ஆறியதும் ஈஸ்ட் தூவி மூடிவிட வேண்டும். டின்னைச் சுற்றியிருந்த ஆங்கிலத்தை வாசித்துப் பெரியம்மாவுக்குத் தமிழில் சொன்னது நான். அவருக்கு ஆங்கிலம் காதில் ஏறும், வாயில் வராது. எழுத்து என்றால் இன்னும் தூரம். "கிருமி இல்லாமல் கழுவோணுமாம் பெரியம்மா. காத்து உள்ளுக்குப் போகக்கூடாதாம், ஆனா உள்ளுக்கை இருக்கிற காத்து வெளியிலை போகோணுமாம்" என்று நான் சொல்ல, அவர் கோயிலில் தேவாரம் கேட்பது போலக் கைகட்டிக் கேட்பார். மூடியில் ஒரு சிறு வளைந்த குழாய். அதற்குள் கொஞ்சம் தண்ணீர். இரண்டாம் நாள் அந்தத் தண்ணீருக்குள் முட்டை முட்டையாகக் காற்று வரத் தொடங்கும். ஷெட்டுக்குள் ஒரு பெரிய மிருகம் படுத்து மூச்சு விடுவது போல இருக்கும். நான் போய்க் காது வைத்துக் கேட்பேன்.

சீனி அளந்து போடுவதும் என் வேலைதான். பரலுக்கு எட்டுக் கப். அடுத்த தடவை ஏழு. அதற்கடுத்த தடவை ஏழுகூட இல்லை, ஆறரை. "ஏன் பெரியம்மா குறையுது?" என்று கேட்டதற்கு, "சீனி கூடினா உடம்புக்குக் கூடாது" என்றார். டின்னில் எட்டு என்று போட்டிருக்கிறதே என்றேன். "டின்னுக்கு உன்ரை பெரியப்பாவைத் தெரியுமே?" என்றார். அத்தோடு விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழிந்து, மிருகம் மூச்சு விடுவதை நிறுத்தியதும், பெரியம்மா அதைப் பெரிய சோடாப் போத்தல்களில் நிரப்பி அடுக்குவார். ஒரு பரல் போத்தலுக்குப் போகும்போது மற்றது பாதி வழியில் இருக்கும். நாளுக்கு இத்தனை போத்தல் என்று அவரே எடுத்துக்கொண்டு போய்ப் பெரியப்பா முன்னால் வைப்பார். பெரியப்பா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். "இஞ்சாரும், இது பியரோ, ஊறுகாய்த் தண்ணியோ?" பெரியம்மா போத்தல் மூடியைத் திருகி மூடுவார். ஆனால் பெரியப்பா கடைப்பக்கம் போவது குறைந்துவிட்டது. சும்மா கிடைப்பதை விட்டு எந்த மனிதன் நடந்து போவான்?

அம்மாவுக்கு இது தெரியவந்தது ஓகஸ்ட் மாதத்தில். யார் சொன்னார்கள் என்று தெரியாது. எங்கள் ஆட்களுக்குள் ஒரு செய்தி லண்டனின் கிழக்குக் கோடியில் பார்க்கிங் என்ற ஊரில் தொடங்கி கோலியர்ஸ் வுட்டுக்கு வந்து சேர ஒரு பின்னேரம் போதும். அந்த வெள்ளிக்கிழமை என்னைக் கொண்டுபோய் விடும்போது, முன் இருக்கையில் அம்மா அப்பாவோடு கதைத்துக்கொண்டு வந்தார். நான் பின்னால் இருந்தேன்.

"நீங்கள்தானே துளை போட்டுக் குடுத்தனீங்கள்?"

"மிளகாய்க் கண்டுக்கு எண்டவ."

"மிளகாய்க் கண்டு! அத்தான் கடையிலை வாங்கிக் குடிச்சாலாவது சனம் அவரைத்தான் பேசும். இப்ப என்ரை அக்காவே பரல் பரலா நஞ்சு காய்ச்சிக் குடுக்கிறா. அந்த மனிசனைக் கொண்டுபோட்டுத்தான் விடுவா."

"பிள்ளை பின்னாலை இருக்கு" என்றார் அப்பா.

அம்மா பேச்சை நிறுத்தினார். ஆனால் அது என் காதில் விழுந்துவிட்டது. நஞ்சு என்ற சொல்லை நான் அதுவரை கதைகளில்தான் கேட்டிருந்தேன். அதைக் கரைத்தது யார்? டின்னை வாசித்தது யார்? எட்டுக் கப், ஏழு கப் என்று எண்ணி எண்ணிக் கொட்டியது யார்? பெரியம்மாவுக்கு இது தெரியாமல் இருக்கலாம், பாவம், அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கு ஆங்கிலம் தெரியுமே. அன்று இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. பெரியப்பா மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஊறுகாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே பெரியம்மா கஃபேக்குப் போய்விட்டார். பெரியப்பா மேலே நித்திரை. நான் சப்பாத்துப் போடாமல், காலுறையோடு ஷெட்டுக்குப் போனேன். ஒரு பரல் அடங்கிவிட்டிருந்தது. அன்று பின்னேரம் பெரியம்மா அதைப் போத்தலில் நிரப்புவதாக இருந்தார். மற்றது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. முதலில் அடங்கியதன் குழாயைத் திறந்தேன். பிறகு மற்றதையும்.

அவ்வளவு மெதுவாக ஓடும் என்று நான் நினைக்கவில்லை. ஒரே பாய்ச்சலில் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்து வந்தவள், கால்மணி நேரம் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. பியர் சீமெந்துத் தரையில் பரவி, என் கால்களைச் சுற்றி வந்து, கதவுக்கு அடியால் தோட்டத்துக்குள் இறங்கியது. பேக்கரிப் பாண் மணமும் ஒலிவ் மணமும் ஒன்றாகக் கலந்து எழுந்தன. எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றும்போது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பின்னால் நிழல் விழுந்தது. பெரியப்பா இடுப்பில் கட்டிய சாரத்தோடும் வெறும் மேலோடும் வாசலில் நின்றார். தரையைப் பார்த்தார். பரல்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"இது நஞ்சு பெரியப்பா. நான் ஊத்திப்போட்டன்."

அவர் கோபப்படுவார் என்று கண்களை மூடிக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஈரத்திலேயே குந்தினார். அவர் முகம் என் முகத்துக்கு நேராக வந்தது. கன்னம் எல்லாம் நரைத்த முள்தாடி.

"ஆர் சொன்னது நஞ்செண்டு?"

நான் அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. "எனக்குத் தெரியும்" என்றேன். பிறகு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, "இனிக் குடிக்க மாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ. என்ரை தலையிலை கை வைச்சுப் பண்ணுங்கோ" என்றேன்.

அது நான் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பழகிய பேச்சு. சத்தியம் என்றால் எவ்வளவு பாரம் என்று தெரிந்து கேட்டதல்ல.  குழாயிலிருந்து கடைசிச் சொட்டுகள் விழும் சத்தம் கேட்டது. பிறகு அவர் தன் வலது கையை எடுத்து என் தலையில் வைத்தார். காலை நேரம். கை நடுங்கியது. என் தலையும் சேர்ந்து நடுங்கியது.

"குடிக்க மாட்டன்" என்றார். "போதுமே?"

"ஓம்."

"அப்ப பெரியம்மா கேட்டால், குழாயை நான் திறந்தனான். சரியே?"

இரண்டு மணிக்குப் பெரியம்மா வந்தார். ஷெட்டைப் பார்த்துவிட்டு வெளியே வராமல் அங்கேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தார். "ருசி பாக்கத் திறந்தனான், பூட்ட மறந்திட்டன்" என்று பெரியப்பா வாசலில் நின்று சொன்னார்.

"ரெண்டையுமோ?"

"ரெண்டையும்தான் ருசி பாத்தனான்."

பெரியம்மா என் கால்களைப் பார்த்தார். என் காலுறைகள் கணுக்கால் வரை மஞ்சளாக நனைந்து, காய்ந்து, விறைத்திருந்தன. அவற்றைக் கழற்றி வாங்கிக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டுத் தோய்த்தார். அன்று பின்னேரமே கடைக்குப் போய், அவர் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கடையில் பியர் கான்கள் வாங்கிவந்தார். மிச்சமிருந்த மூன்று போத்தல்களோடு அவற்றையும் அடுக்கி வைத்தார். முகத்தில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பின்னேரமும் மறுநாள் காலையும் என் வாழ்க்கையின் மிக ரகசியமான சந்தோஷம். பெரியம்மா கிளாஸில் ஊற்றிக் கொண்டுவந்து வைப்பார். அவர் சமையலறைக்குத் திரும்பியதும் பெரியப்பா கிளாஸை எடுத்துக்கொண்டு, யன்னலோரம் பெரியம்மா கண்போல வளர்த்த கறிவேப்பிலைச் சாடிக்குள் கவிழ்ப்பார். பிறகு உதட்டில் விரல் வைத்து என்னைப் பார்ப்பார். நான் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். ஒரு கிளாஸ், இரண்டு கிளாஸ். கறிவேப்பிலை ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு விடிந்ததிலிருந்து அவர் சரியில்லை. நெற்றியில் வியர்வை கொட்டியது. எனக்கு வேர்க்கவில்லையே என்று நினைத்தேன். யன்னலைச் சாத்தச் சொன்னார், பிறகு திறக்கச் சொன்னார். தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும் பாதி சிந்தியது. "காய்ச்சலோ?" என்று பெரியம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "தடிமன் பிடிக்கப் போகுது போலை" என்றார் அவர். பெரியம்மா அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, காலியாக இருந்த கிளாஸையும் பார்த்தார். கிளாஸ் காலியாக இருந்ததால் அவருக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நான் பார்த்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு கரம் விளையாட இருந்தோம். வழக்கமாக அவர் வெல்லும் நேரம். அன்று ஒரு காயைக்கூட அவரால் தொட முடியவில்லை. "பெரியப்பா, எனக்கு விட்டுத்தராதேங்கோ" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் சுவரில் எதையோ பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கதிரையோடு பக்கவாட்டில் சரிந்து விழுந்தார். பலகையும் விழுந்து காய்கள் அறை முழுக்க ஓடின. அவர் உடம்பு முழுவதும் இழுத்து இழுத்து அடித்தது.

பெரியம்மா ஓடிவந்தார். கத்தவில்லை. அவர் தலைக்குக் கீழே ஒரு குஷனைத் தள்ளினார், கரம் பலகையைக் காலால் அப்பால் தள்ளினார், அவரைப் பக்கவாட்டில் திருப்பினார். இதற்கு முன்னும் ஒருமுறை இதைச் செய்திருக்கிறார் என்பது அவர் கைகளைப் பார்த்தால் தெரியும். "போனை எடு பிள்ளை. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. வீட்டு விலாசத்தைச் சொல்லு" என்றார். நான் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது.

ஆம்புலன்ஸில் பச்சை உடுப்போடு ஒரு பெண்ணும் ஆணும் வந்தார்கள். அதற்குள் வலிப்பு நின்றுவிட்டது, ஆனால் அவருக்கு நினைவு வரவில்லை. அந்தப் பெண் முழந்தாளிட்டு அவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே கேட்டாள். இவர் குடிப்பவரா? எவ்வளவு? கடைசியாக எப்போது குடித்தார்? பெரியம்மா என்னைப் பார்த்தார். டின்னை வாசித்துக் கொடுத்தவள் நான்தானே.

"குடிக்கிறவர் எண்டு சொல்லு. இப்ப மத்தியானமும் ஒரு கிளாஸ் குடிச்சவர். காலமையும் குடிச்சவர்."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.  பெரியம்மா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எத்தனை ஆஸ்பத்திரியில், எத்தனை கவுன்சில் கந்தோரில் அதைச் செய்திருப்பேன். ஆனால் அது பொய். அந்தப் பொய் எனக்கும் பெரியப்பாவுக்கும் மட்டும் தெரிந்த பொய். சொல்ல மாட்டேன் என்று அவரிடம் தலையாட்டியிருக்கிறேன். அவர் தரையில் கிடந்தார். ஒரு கரம் காய் அவர் தோளுக்கடியில் அகப்பட்டிருந்தது.

"அவர் குடிக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "வெள்ளிக்கிழமையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை. நான் சத்தியம் வாங்கினேன். குடிப்பது போல நடித்து ஊற்றிவிட்டார்."

அந்தப் பெண் நிமிர்ந்து மற்றவரைப் பார்த்து வேகமாக ஏதோ சொன்னாள். அவர்கள் கைகள் வேறு விதமாக இயங்கத் தொடங்கின. ஒரு ஊசி வந்தது. தூக்கிப் படுக்கையில் போடும்போது அவள் என் தோளைத் தொட்டு, நீ சொன்னது நல்லது, மிக நல்லது என்றாள். நான் பெரியம்மாவைப் பார்க்கவில்லை. ஆங்கிலம் அவர் வாயில்தான் வராது. காதில் ஏறும்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கு அம்மா வேலை உடுப்போடேயே ஓடிவந்தார். அப்பா எனக்கு ஒரு சிப்ஸ் பைக்கற் வாங்கிக் கொடுத்து நாலு கதிரை தள்ளி இருத்தினார். நாலு கதிரை தூரத்தில் எல்லாம் கேட்கும்.

"நான் சொன்னனான்தானே அக்கா. நீ காய்ச்சின சாமான்தான் அவரை விழுத்தினது."

"குடிச்சு விழேல்லை" என்றார் பெரியம்மா. "குடியாமல் விழுந்தவர். போன பனிக்கும் அப்பிடித்தான். விடுறன் எண்டு ஒரே நாளிலை விட்டவர், மூண்டாம் நாள் இழுத்தது. டொக்ரர் சொன்னவர், சட்டெண்டு நிப்பாட்ட ஏலாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கோணும் எண்டு. கடையிலை வாங்கிற கானை நான் எப்பிடிக் குறைக்கிறது? அதுதான் நானே செய்தனான். எட்டுக் கப் சீனியிலை தொடங்கினனான். இப்ப அஞ்சு. இன்னும் கொஞ்சக் காலம் விட்டிருந்தா வெறும் தண்ணியிலை வந்து நிண்டிருக்கும்."

அம்மா அக்காவின் பக்கத்துக் கதிரையில் இருந்தார். பிறகு, "எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே" என்றார்.

"உனக்குச் சொன்னால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சால் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிஞ்சால் கடைக்கு நடந்திடுவார்."

"அப்ப பரலை ஆர் திறந்தது?"

என் வாயில் இருந்த சிப்ஸ் அப்படியே நின்றது. பெரியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"குழாய் லீக்" என்றார். "உன்ரை மனிசன் பூட்டின குழாய்தானே."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, வழக்கம்போலக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டார்.

நான் பிறகு மருந்தியல் படித்தேன். இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை. உடம்பு பழகிவிட்ட ஒன்றை ஒரே நாளில் பறித்தால் உடம்பு என்ன செய்யும் என்று கவுண்டரில் நின்று பலருக்கு விளக்கியிருக்கிறேன். சட்டென்று நிறுத்தினால் என்ன வரும் என்று பெரியப்பாவுக்கு முன்பே தெரியும். ஒருமுறை அனுபவித்தவர். தெரிந்துகொண்டுதான் என் தலையில் கை வைத்தார். பியர் இப்போது தண்ணீர்தானே, இந்தமுறை சமாளிக்கலாம் என்று நினைத்ததாகப் பின்னொரு நாள் என்னிடம் சொன்னார். பெரியம்மா சீனி குறைத்தது அவருக்கு முதல் பரலிலேயே தெரியுமாம். "நாக்கு எண்டு ஒண்டு இருக்கே பிள்ளை" என்றார். தெரிந்தும் ஏன் கடைக்குப் போகவில்லை என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் தடுமாறினார், இரண்டு தடவை. இரண்டு தடவையும் எழுந்தார். அது வேறு கதை.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து அந்தக் கெட்ட நாட்களைக் கடக்கவைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் பார்க்கப் போனோம். ஆள் பாதியாகியிருந்தார். கன்னம் மழித்திருந்தது. தேத்தண்ணீர்க் கோப்பையை ஒரு கையால் பிடித்திருந்தார்.

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். தாழ்வாரத்தில் கேட்டதிலிருந்து ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகிவிட்டது. குடித்ததால் அவர் விழவில்லை, குடியாததால் விழுந்தார். குடியாததற்குக் காரணம் என் சத்தியம். அந்தச் சத்தியம் என் தலையில் இருக்கும்வரை அவர் குடிக்க மாட்டார். குடிக்காவிட்டால் மறுபடி விழுவார். அப்படியானால் அதைச் சரிசெய்யக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான். காரில் வரும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

எல்லோரும் இருந்தபோதே எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன். அவர் வலது கையை எடுத்து என் தலையில் வைத்தேன். பிறகு அதை மெல்லத் தூக்கி எடுத்து, அவர் மடியில் கொண்டுபோய் வைத்தேன்.

"பெரியப்பா, நான் சத்தியத்தைத் திருப்பி எடுத்திட்டன். இனி நீங்கள் குடிக்கலாம்."

 அம்மா "ஏய்!" என்று எழுந்தார். பெரியம்மா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இருத்தினார். பிடித்த கையை விடவும் இல்லை. பெரியப்பா தன் மடியில் கிடந்த கையைப் பார்த்தார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தார். பெரியம்மா மூச்சு விடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சலிப்பாகிவிட்டது. ஒரு சின்ன விஷயம், ஓம் என்று சொன்னால் முடிந்தது, இதற்கு இவ்வளவு நேரம் யோசிப்பானேன்?

பிறகு பெரியப்பா அந்தக் கையைத் தானாகவே எடுத்து மறுபடி என் தலையில் வைத்தார்.

"அது அங்கையே இருக்கட்டும் பிள்ளை" என்றார். "திருப்பித் தரவேண்டாம்."

பெரியம்மா சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அம்மாவும் பின்னால் போனார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. பன்னிரண்டு நாள் யோசித்து, காரில் முழுவதும் சொல்லிப் பார்த்து, மனமார விட்டுக்கொடுத்த ஒன்று. அதை வாங்கிக்கொள்ளத் தெரியாத மனிதர் என்று பெரியப்பாவோடு அன்று பின்னேரம் முழுவதும் நான் கதைக்கவில்லை.